ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம். அம்மாவையும் பையனையும் எந்த மலைக்கு அழைத்துப் போகலாம்?

கேட்டவர்: கத்திவாக்கத்துப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வடசென்னையில், எண்ணூர் பக்கத்துக் கத்திவாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். நான், என் அம்மா, ஆறாவது படிக்கும் என் மகன், மூன்றே பேர். அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாக வீசிங். இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக மாட்டார். எங்கள் வீட்டில் காலையில் ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணியில் சாம்பல் ஒட்டும். 2023 டிசம்பரில் ராத்திரி அமோனியா கசிந்தபோது ஈரத்துண்டை மூக்கில் கட்டி, அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான்: "ஒரு நாலு நாள் நல்ல காத்து இருக்கிற இடத்துல சும்மா உட்கார்ந்துட்டு வரணும்."

போன மே மாதம் ஒரு டிராவல்ஸ் மூலமாக ஊட்டிக்குப் போனோம். மூன்று நாளில் பதினோரு இடம் என்று சீட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம். மற்ற நேரமெல்லாம் வேனுக்குள். இரண்டாவது ராத்திரி குளிரில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. கம்பளி கேட்டால் அதற்குத் தனியாகக் காசு. திரும்பி வந்ததும் மகனிடம் "என்னடா பிடிச்சது?" என்று கேட்டேன். "மிளகாய் பஜ்ஜி" என்றான். சேர்த்து வைத்த பணம் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு வலித்தது.

அவனுக்கு நட்சத்திரம் என்றால் உயிர். மொட்டை மாடியில் படுத்து எண்ணுவான். நல்ல நாளில் பதினைந்து, இருபது தெரியும். "புத்தகத்துல ஆயிரக்கணக்குல இருக்குன்னு போட்டிருக்கே, மத்ததெல்லாம் எங்கம்மா?" என்று கேட்கிறான்.

சொந்த வண்டி கிடையாது. ரயில், பஸ்தான். மூன்று பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் வரை செலவு செய்யலாம். அரையாண்டு விடுமுறையில் போக நினைக்கிறேன். கூட்டமில்லாத மலையோ பள்ளத்தாக்கோ இருந்தால் சொல்லுங்கள்.

---

ராயபுரம் பைக்

அக்கா, ஏலகிரி போங்க. பதினாலு வளைவு ஏறினால் மேலே வந்துடலாம், அரசு பஸ் இருக்கு, ஊட்டி மாதிரி குளிராது. ஏரியில் படகு உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைங்க, அடிவாரத்து ஊர் பேரும் பொன்னேரிதான். ஜோலார்பேட்டை பக்கத்தில் இருக்கிற பொன்னேரி. யாரிடமாவது வழி கேட்டால் நம்ம மீஞ்சூர் பக்கத்துப் பொன்னேரியைச் சொல்லிக் குழப்பிடுவாங்க.

சனி, ஞாயிறு வேண்டாம். பெங்களூரிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்குவாங்க.

---

பழைய லோகோக்காரன்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஏலகிரி நல்ல ஊர்தான், தம்பி சொன்னதில் தப்பில்லை. ஆனால் உங்கள் மூன்று பேருக்கும் ஏலகிரிக்கு எதிரில் இருக்கும் ஜவ்வாது மலைதான் சரியாக வரும் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில், அதாவது ரயில்வே பட்டறையில், முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். வீடு வியாசர்பாடியில். என் பக்கத்து லேத்தில் ஆலங்காயத்துக்காரர் ஒருவர் இருந்தார். 1996இல் அவர்தான் முதல்முறை என்னை மேலே அழைத்துப் போனார். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர், அவருக்குப் பழக்கமான வீடு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பயமில்லை. காதில் ஒன்றும் விழவில்லை, அதனால். பட்டறைச் சத்தத்திலும் கூட்ஸ் வண்டிச் சத்தத்திலும் படுத்துப் பழகியவனுக்கு அந்த அமைதி புதுசு. விடியற்காலையில் பக்கத்து வீட்டில் சாமை குத்தும் உலக்கைச் சத்தம் கேட்டது. அப்புறம்தான் கண் அயர்ந்தேன். அந்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது போகிறேன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு, மூன்று தடவை.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஊட்டி 7300 அடி உயரம். கொடைக்கானல் 7000 அடி. அந்தக் குளிர் பலருடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது. ஜவ்வாது மலையில் நீங்கள் தங்கப் போகும் இடமெல்லாம் சுமார் 2500 அடிதான். மார்கழியில் ராத்திரி ஸ்வெட்டர் போடணும், பகலில் இதமாக இருக்கும். புகை கக்கும் ஆலை ஒன்றும் இல்லை. மலை முழுக்கப் புளியும் பலாவும் கடுக்காய் மரமும். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போன மலை, வெட்டித் தீர்த்தது போக மிச்சம்தான் இப்போது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது.

உங்கள் பையனுக்காகச் சொல்வது இது. மலை மேலே காவலூர் என்று ஓர் ஊர். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துவது. 1960களின் கடைசியில் சின்னத் தொலைநோக்கியோடு ஆரம்பித்தார்கள். 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு பெரிய தொலைநோக்கி வந்தது, நம் நாட்டிலேயே செய்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 மார்ச் 10ஆம் தேதி தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பையனிடம் சொல்லுங்கள்: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்திலும் நிறையத் தெரியும். சுற்றிலும் காடு, ஊர் வெளிச்சம் குறைவு. உங்கள் மொட்டை மாடியில் நட்சத்திரங்கள் காணாமல் போனதற்குத் துறைமுக விளக்கும் ஆலை விளக்கும் தூசியும்தான் காரணம். அவை அங்கேயேதான் இருக்கின்றன, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் உள்ளே விடுவார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய தொலைநோக்கி ஆராய்ச்சிக்கானது, அதில் கண் வைத்துப் பார்க்க முடியாது. வானம் தெளிவாக இருந்தால் பார்வையாளர்களுக்கென்று சின்னத் தொலைநோக்கியில் காட்டுவார்கள். காலண்டரில் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பாருங்கள். பௌர்ணமியில் போனால் நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

வழி சுலபம். எண்ணூர் லோக்கலில் சென்ட்ரல், அங்கிருந்து காலையில் பெங்களூர்ப் பக்கம் போகும் வண்டியில் ஜோலார்பேட்டை. அப்புறம் பஸ்ஸில் ஆலங்காயம், அங்கிருந்து மலை ஏறும் பஸ். முதலில் காவலூர் வரும், அதைத் தாண்டி ஜமுனாமரத்தூர். மேலே போகும் பஸ்கள் குறைவு. மத்தியானத்துக்கு முன்பே ஆலங்காயத்தில் இருப்பதுபோலக் கிளம்புங்கள். தங்கும் அறைகளும் ஜமுனாமரத்தூரில் கொஞ்சம்தான், முன்கூட்டியே பேசி வைக்காமல் போகக் கூடாது. கையில் ரொக்கம் இருக்கட்டும், போன் சிக்னல் பல இடத்தில் எடுக்காது.

பார்ப்பதற்கு என்று கேட்டால், ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரி இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் பீமன் அருவி. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அருவியில் தண்ணீர் இருக்கும், ஏப்ரலில் போனால் வெறும் பாறைதான். இவ்வளவுதான் பட்டியல். நான் அங்கே போய்ப் பார்ப்பது அருவியை இல்லை. காலையில் ஆறரை மணிக்கு ஊர் எல்லை வரை நடப்பேன். பனி தரையோடு கிடக்கும், கரிச்சான் ஒன்று வேறு பறவைகளின் குரலில் மாற்றி மாற்றிக் கத்தும், ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் நின்று பேசும். வெயில் ஏறியதும் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். உங்கள் அம்மா கேட்டதும் அதுதானே.

அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான், சில சொற்கள் மட்டும் நமக்குப் புதுசாக இருக்கும். கோயில் இருக்கும் தோப்புக்குள் செருப்போடு போகாதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். நான் போகும்போது காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கிப் போவேன். அந்த வீட்டுப் பாட்டி அதைப் பார்த்ததும் முகம் மலரும். திரும்பும்போது சாமை அரிசியும், கிடைத்தால் தேனும் தருவார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எடை போட்டதில்லை, அவரும் சரி, நானும் சரி.

---

திருவொற்றியூர் செவிலி

லோகோ ஐயா சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. நான் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன், அதனால் அம்மா விஷயத்தில் சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டி, மருந்து அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நெபுலைசர் வைத்திருந்தால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், மலையில் கரண்ட் போனால் அது ஓடாது. இன்ஹேலர் இரண்டு, அதோடு பொருத்தி மருந்தை இழுக்கும் குழாயான ஸ்பேசர் ஒன்று கட்டாயம். காலையில் வெளியே வரும்போது மூக்கையும் வாயையும் மூடிப் பருத்தித் துண்டு கட்டிக்கொண்டால் குளிர்காற்று நேராக உள்ளே போகாது. முக்கியமான இன்னொன்று: மலையில் பல வீடுகளில் விறகு அடுப்புதான். காற்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் புகை இரண்டே நிமிடத்தில் வீசிங்கைக் கிளப்பிவிடும். சமையல் கட்டுக்குத் தள்ளி இருக்கும் அறையாகக் கேளுங்கள். குளிர் காய நெருப்பு மூட்டினால் அம்மா எழுந்து தள்ளிப் போய்விடட்டும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

யாராவது கொல்லிமலை என்று சொல்லக் கூடும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எனக்கு அந்த மலைமேல் அவ்வளவு ஆசை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் காற்றின் வாசனை மாறும், மேலே போனதும் மிளகுக் கொடி, அன்னாசி, பலா. ஆனால் எங்கள் வேனில் ஏழு பேரில் நாலு பேர் வாந்தி எடுத்தார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கணும். இறங்குவது பெரிதில்லை, ஏறி வரணும். நான் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினேன். வீசிங் உள்ளவரை அந்தப் படியில் இறக்காதீர்கள். பையன் பெரியவனானதும் அவனை மட்டும் அழைத்துப் போங்கள்.

---

கொருக்குப்பேட்டை

பள்ளத்தாக்கும் கேட்டிருக்கீங்க, யாரும் சொல்லலையே. நான் சொல்றேன், ஆந்திராவில் இருக்கிற அரக்குப் பள்ளத்தாக்கு.

தினமும் உங்கள் வீட்டு ஜன்னலை ஆட்டிக்கொண்டு வடக்கே போகிறதே ஹௌரா மெயில், அதே பாதையில்தான் விசாகப்பட்டினம் போகணும். அங்கே இறங்கி மறுநாள் காலையில் கிரந்துல் போகும் வண்டியில் ஏறினால் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குள் நுழைந்துவிடும். இரும்புத்தாது கொண்டு வருவதற்காகப் போட்ட பாதை. 58 குகைப் பாதை, 84 பாலம் என்று சொல்வார்கள். ஒரு குகையிலிருந்து வெளியே வந்தால் வலது பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கு, மஞ்சள் பூத்த வயல், அடுத்த நிமிடம் மறுபடி இருட்டு. என் பெண் அன்று முழுக்க ஜன்னல் கம்பியை விடவே இல்லை. பொர்ரா குகை ஸ்டேஷனிலேயே இறங்கலாம். மலைச்சரிவில் காப்பித் தோட்டம், மேலே மிளகு.

அம்மா நடக்கவே வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாம் தெரியும். அதற்காகத்தான் சொல்கிறேன். ஆனால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி ரயிலில் போய்விடும், டிசம்பரில் அங்கே ஜவ்வாதைவிடக் குளிர் அதிகம், கூட்டமும் அந்த மாதம்தான். பிப்ரவரியில் போவதானால் யோசியுங்கள்.

---

கத்திவாக்கத்துப் பெண்

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உலக்கைச் சத்தம் என்ற இடத்தில் "எங்க பாட்டி வீட்டுலயும் அப்படித்தான் விடியும்" என்றார். அரக்கு ரயிலைப் பையன் தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டான், அது அடுத்த வருடத்துக்கு.

லோகோ ஐயாவிடம் மூன்று சந்தேகம். மலையில் மிருகங்கள் உண்டா? அம்மாவுக்குத் திடீரென்று முடியாமல் போனால் எங்கே போவது? மூன்றாவது, பையன் ஒரு நாள்கூட மலையில் நடந்ததில்லை, அவன் தாங்குவானா? அவனுக்கு முன்கூட்டியே ஏதாவது பழக்கம் கொடுக்கணுமா?

---

பழைய லோகோக்காரன்

கரடி உண்டு. நான் நேரில் பார்த்தது இரண்டு தடவை, இரண்டும் தூரத்தில். இருட்டிய பிறகு ஊரை விட்டு வெளியே நடக்காதீர்கள், காலையிலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். காட்டுக்குள் போக ஆசை வந்தால் ஊர்க்காரர் ஒருவரையும் வனத்துறை அனுமதியையும் சேர்த்துக்கொண்டுதான் போகணும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டு எத்தனை பிள்ளைகள் போனார்கள். போனவர்களில் பலர் நம் சென்னைப் பிள்ளைகள். அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை. காய்ந்த புல் இருக்கும் மாதங்களில் மலை வேறு மாதிரி இருக்கும், அதனால்தான் உங்களை டிசம்பரிலேயே போகச் சொல்கிறேன்.

ஜமுனாமரத்தூரில் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. போய்ச் சேர்ந்த அன்றைக்கே அது எங்கே என்று பார்த்து வைத்துவிடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் கீழே இறங்கித் திருப்பத்தூர், இல்லாவிட்டால் வேலூர். அறை எடுக்கும் இடத்தில் வண்டி வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு ஓர் ஐந்நூறு, ஆயிரம் தனியாக எடுத்து வையுங்கள். பஸ் இல்லாத நேரத்தில் அந்தப் பணம்தான் தைரியம்.

பையனுக்கு ஒத்திகை வேண்டுமென்றால் நம் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. பூண்டி ஏரியைத் தாண்டி கூடியம். அல்லிக்குழிக் குன்றுகளுக்குள் பெரிய பாறைக் குடை மாதிரிக் குகைகள். கற்கால மனிதர்கள் இருந்த இடம். அதற்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863இலேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த மிகப் பழைய கோடரிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பூண்டியில் அரசு அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்க்கலாம், அதை முதலில் காட்டுங்கள். வெறும் கல்தானே என்று பையன் நினைக்க மாட்டான், கையில் பிடிக்கும் பக்கம் எது, வெட்டும் பக்கம் எது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். குகைக்குப் போகும் பாதை வனத்துறை நடத்தும் மலையேற்றப் பட்டியலில் இருக்கிறது, 2024 அக்டோபரில் ஆரம்பித்த திட்டம், இணையத்தில் பதிவு செய்யணும். திருவள்ளூர் வரை ரயில். காலையில் போனால் சாயங்காலம் வீடு. அம்மாவை அதற்கு அழைத்துப் போக வேண்டாம், முட்புதரும் கூழாங்கல்லுமாக இருக்கும். நீங்களும் அவனும் போதும்.

இன்னொன்று, காவலூரில் தொலைநோக்கியில் பார்க்க வரிசை இருந்தால் பையன் சலித்துப்போகக் கூடாது. அதற்கு முந்தின ராத்திரியே தங்கும் இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் வெளியே உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழகணும். முதலில் கார்த்திகைக் கூட்டம் தெரியும். அப்புறம் கிழக்கே வேட்டைக்காரன் கூட்டம், அதன் நடுவில் மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில். ராத்திரி பத்து, பதினோரு மணிக்குத் தெற்கே தாழ்வாக ஒன்று பளிச்சென்று தெரியும். அகத்திய நட்சத்திரம் என்பார்கள். நம் கடற்கரையிலிருந்தும் அது தெரிய வேண்டியதுதான், நான் வியாசர்பாடியில் இருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மலையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன், அப்போது எனக்கு 40 வயது தாண்டியிருந்தது.

---

கத்திவாக்கத்துப் பெண்

ஐயா, முடிவு செய்துவிட்டோம். வரும் ஞாயிறு நானும் மகனும் பூண்டி அருங்காட்சியகத்துக்கும் கூடியத்துக்கும் போகிறோம். அரையாண்டு விடுமுறையில் அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமையைப் பார்த்து, வியாழன் காலையே மூன்று பேரும் ஜவ்வாதுக்குக் கிளம்பிவிடுவோம். நாலு நாளும் ஒரே இடத்தில்தான் தங்கல். செவிலி அக்கா சொன்ன ஸ்பேசரை இன்றைக்கே வாங்கிவிட்டேன்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். அந்தப் பாட்டிக்கு நாங்களும் கருவாடு கொண்டு போகலாமா? நெத்திலி மட்டும்தான் பிடிக்குமா, வாளையும் சாப்பிடுவாரா?

---

பழைய லோகோக்காரன்

வாளையும் சாப்பிடுவார், ஆனால் நெத்திலி என்றால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார். அரைக் கிலோ போதும். மண் இல்லாமல் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள், செய்தித்தாளில் சுற்றி அதன்மேல் இரண்டு கவர் போட்டுப் பையின் அடியில் வையுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவருக்கு வாசனை போகக் கூடாது. அந்த வீட்டுக்கு நான் இன்று சாயங்காலமே போன் செய்து சொல்லிவிடுகிறேன், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அந்த நேரத்தில் அவர்கள் வருவார்கள். உங்கள் அம்மாவுக்குத் திண்ணையில் இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன்.